இடிமலைக்கு யாருடைய முகம்?

பிப்ரவரி 4

என் தம்பிக்கு அக்கா எழுதறது.

நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேக்கறதில்லை. நீ எப்படி இருக்கேன்னு கேக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனா கேக்கவே பயமா இருக்கு.

போன வாரம் உன்னைப் பார்க்க வந்த என் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? "அம்மா, மாமா வீட்டு சோபால மூணு பேர் உக்காந்திருக்காங்க. மூணு பேரும் மரம். ஒருத்தி என்னையே முறைச்சா. நான் நின்னுக்கிட்டே காபி குடிச்சேன்." சமையலறையில ஒரு ரோபோ நிக்குதாம். பாத்ரூம் வாசல்ல நீல முடிக்காரி ஒருத்தி மைக்கைப் பிடிச்சு வாயைப் பிளந்துகிட்டு நிக்கறாளாம். உள்ள போன என் பொண்ணு பாதியில வெளிய வந்துட்டா.

டேய், உன் பொண்டாட்டி தவறிப் போய் நாலு வருஷம் ஆச்சு. தனியா இருக்கே. மரத்தோட பேசறியா? நீ பேசினா பரவாயில்லை. அது பதில் சொல்லுதான்னு மட்டும் எழுது.

பதிலை நான் வேலை பார்க்கற சலவைக் கடை விலாசத்துக்கே போடு, வீட்டுக்குப் போன் பண்ணிடாதே. உன் பேரை எடுத்தா உன் அத்தான் இன்னமும் எழுந்து பால்கனிக்குப் போயிடறார். ஆறு வருஷம் ஆச்சு, கோபம் ஒரு நூல் குறையலை. பஸ் டிப்போல முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பரா இருந்து, எவன் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதியே தலை வழுக்கையான மனுஷன். நீ வந்து ரிப்பேர் பண்ணிக் கொடுத்த எங்க கட்டட லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, தன்னோட பிரிவு உபசார விழாவுக்கே ரெண்டே முக்கால் மணி நேரம் லேட். அவர் போய்ச் சேர்ந்தப்ப நாற்காலியை மடக்கிக்கிட்டு இருந்தாங்க. அதைக்கூட மன்னிச்சிருப்பார். கதவைத் திறந்ததும் நீ சிரிச்சே பாரு, அதுதான்.

வேளைக்குச் சாப்பிடு. சட்டையை ஊறப் போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாரு.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

உன் கடிதம் சலவைக் கடை கஞ்சி வாசனையோட பத்திரமா வந்தது. நான் சௌக்கியம். சோபால இருக்கற மூணு பேரும் சௌக்கியம். யாரும் பதில் சொல்றதில்லை, நிம்மதியாத் தூங்கு.

விஷயம் இதுதான். எங்க கம்பெனிக்கு லிஃப்ட் மோட்டார் பைன் மரப் பெட்டியில வருது. மோட்டாரை எடுத்துட்டுப் பெட்டியைக் குப்பையில போடறாங்க. நல்ல மரம். ஒரு நாள் ரெண்டு பலகையைத் தூக்கிட்டு வந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த சீரியல் வருமே, அவ ஒரு நாள் விடாம பார்ப்பாளே, அது ஓடிக்கிட்டு இருந்தது. அவ போன பிறகும் அந்த நேரத்துக்கு டி.வி.யை அணைக்க வரலை. சும்மா உக்காந்து பார்க்கவும் முடியலை. சமையல் கத்தியால சீரியல் வில்லியைச் செதுக்கினேன். அவ்வளவுதான் அக்கா, அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

யாரும் சொல்லிக் கொடுக்கலைங்கறது பார்த்தாலே தெரியும். வில்லியோட வலது கண்ணுகிட்ட கத்தி வழுக்கிடுச்சு, அதான் உன் பொண்ணை முறைச்சா. ஆனா டி.வி.ல வர்ற வில்லியை விட இவதான் வில்லி. இப்ப உளி, உப்புத்தாள் எல்லாம் வாங்கிட்டேன். பெயின்ட் மட்டும் லிஃப்ட் கதவுக்கு அடிச்சு மிச்சமான எனாமல். அதனால என் ஆளுங்க எல்லாருக்கும் சாம்பல் முடி, அபாய சிவப்பு உதடு. நீல முடிப் பாட்டுக்காரிக்காக மட்டும் ஒரு டப்பா நீலம் வாங்கினேன். கார்ட்டூன் ரோபோவோட மூக்கு நிஜ லிஃப்ட் பட்டன், அழுத்தினா எரியும்! டி.வி. மல்யுத்தத்துல இடிமலைன்னு ஒருத்தன் வருவானே, ஊதா ஜட்டி, தங்க பெல்ட், அவனையும் ஆளுயரத்துக்குச் செஞ்சிருக்கேன்.

வானிலை அறிக்கை வாசிக்கற பொண்ணை உனக்குப் பார்சல்ல அனுப்பறேன். கையை நீட்டிக்கிட்டு இருப்பா. எந்தப் பக்கம் திருப்பி வைக்கறியோ அந்தப் பக்கம் மழை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே, லிஃப்ட்ல போ. (சிரிக்கலை.)

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

இங்க எல்லாரும் நலம், இருமல் உள்பட. மழைக்காரி முழுசா வந்து சேர்ந்தா.

கடையில கவுன்ட்டர் மேல வச்சிருக்கேன். முதலாளி முதல்ல, "இது சலவைக் கடையா, பொம்மைக் கடையா?"ன்னார். அவ நீட்டின கையில ஏழு ஹேங்கர் மாட்டலாம்னு காட்டினேன், வாயை மூடிக்கிட்டார். ஒவ்வொரு தடவையும் பட்டன் காணோம்னு சண்டைக்கு வர்ற அம்மா ஒருத்தி இருக்காளே, அவ இந்த மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சதுல பட்டனை மறந்துட்டுப் போயிட்டா. ஒரு பெரியவர் தினமும் வந்து, "இன்னிக்கு எந்தப் பக்கம்?"னு கேட்டுட்டுப் போறார். துவைக்க எதுவும் கொண்டு வர்றதில்லை.

நான் உன்னைப் பைத்தியம்னு நினைச்சதை வாபஸ் வாங்கிக்கறேன். பாதி வாபஸ்.

ஏன் பாதின்னா, என் பொண்ணு அந்த இடிமலையை போட்டோ எடுத்துட்டு வந்திருக்கா. நேத்துதான் காட்டினா. உடம்பு மலை மாதிரி, சரி. ஜட்டி ஊதா, சரி. ஆனா அந்த முகம்? வழுக்கைத் தலை, நெத்தியில மூணு கோடு, இடது புருவம் மட்டும் மேல ஏறி, "இப்பத்தான் வர்றியா?"ன்னு கேக்கற ஒரு பார்வை. தம்பி, அந்தப் பார்வையோட நான் முப்பத்துநாலு வருஷமா குடித்தனம் பண்றேன்.

யாரைப் பார்த்துச் செஞ்சே? உண்மையை எழுது.

வெயில்ல அலையாதே, தண்ணி குடி.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உன் இருமலுக்கு என் வணக்கம். சீக்கிரம் விடைபெறச் சொல்லு. எனக்குக் கையில ரெண்டு பிளாஸ்திரி, மத்தபடி குறையில்லை.

வழுக்கைத் தலை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நீ வீட்டுல ஒண்ணையே பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் அதுவாத் தெரியுது. அதை விடு, ஒரு நல்ல சேதி கேளு.

இங்க பெரிய நூலகத்துல லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிட்டாங்க. போனேன். என் டூல் பையில ஸ்பேனருக்குப் பக்கத்துல ஒரு சின்ன பாட்டுக்காரி இருந்தா, முடி காயறதுக்காக எடுத்துட்டுப் போயிருந்தேன். நூலகத்து அம்மா பார்த்துட்டாங்க. சிரிக்கவே சிரிக்காத அம்மா. அதைக் கையில வாங்கி முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்து, "இது மாதிரி எத்தனை இருக்கு?"ன்னாங்க.

"பன்னிரண்டு. ஆனா மத்தது எல்லாம் பையில அடங்காது."

"கீழ்த்தளத்துல இடம் சும்மாத்தான் இருக்கு. கொண்டு வந்து வைங்க."

அவங்க போன பிறகு லிஃப்ட்டோட ரெண்டு தடவை மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன். சோதனைன்னு எழுதிட்டேன். கம்பெனி வேன்ல பன்னிரண்டு பேரையும் ஏத்திட்டுப் போய் வச்சாச்சு. ஜூலை வரைக்கும் இருக்கும். இடிமலைதான் நுழையற இடத்துல, முதல்ல.

வேளைக்கு மருந்து சாப்பிடு. சிரிக்க மறக்காதே, அதுவும் மருந்துதான்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. உசுரோட இருக்கோம்.

உன் இடிமலை படம் பேப்பர்ல வந்திருக்கு. அரைப் பக்கம். கலர்ல! உன் அத்தான் முடி வெட்டற கடையில பார்த்திருக்கார். வெட்டறதுக்கு அவர்கிட்ட என்ன இருக்குன்னு கேக்காதே, மாசா மாசம் போறார். கடைக்காரன் பேப்பரைப் பார்த்து, அவரைப் பார்த்து, திரும்பப் பேப்பரைப் பார்த்தானாம். அந்தப் பேப்பரை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தார். நேரா கண்ணாடி முன்னாடி போய் நின்னு, இடது புருவத்தை விரலால கீழ இறக்கிப் பார்த்தார். அது திரும்ப ஏறிடுச்சு.

மூணு நாளா பேச்சில்லை. ஒரே ஒரு தடவை, "ஊதாவா?"ன்னார். அதோட சரி.

இன்னொரு விஷயம் உனக்கு எப்படிடா தெரிஞ்சது? அவர் தினமும் மத்தியானம் டி.வி.ல மல்யுத்தம்தான் பார்க்கறார், சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சு வச்சு. நான் உள்ள வந்தா நியூஸுக்கு மாத்திடுவார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்.

அந்தப் பொம்மையை எடுத்துடு. எனக்காக. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

நீ நல்லா இருக்கணும். நான் இருக்கேன்.

மல்யுத்தம் பார்க்கறார்னு சத்தியமா எனக்குத் தெரியாது. முகம் அவரோடதுதான். ஒத்துக்கறேன்.

கோபத்துல ஆரம்பிச்சேன். ஊதா ஜட்டியில நிக்க வச்சு ஊரே சிரிக்கணும்னுதான். ஆனா ஆளுயர மரம், ஏழு வாரம் ஆச்சு. ஒரு முகத்தை ஏழு வாரம் பார்த்தா கோபத்தைப் பிடிச்சு வச்சுக்க முடியலை. கடைசியில அந்தப் புருவத்தை மட்டும் ஒரு வாரம் தேய்ச்சேன். சரியா வந்தப்ப எனக்கே சந்தோஷமா இருந்தது. சிரிக்கறதுக்கு ஆரம்பிச்சது சாம்பியனா நிக்குது. நீ வந்து பார்த்தா தெரியும்.

லிஃப்ட் கதவைத் திறந்தப்ப நான் ஏன் சிரிச்சேன்னு இத்தனை வருஷத்துல யாரும் கேக்கலை. உள்ள சத்தமே இல்லை அக்கா. கூப்பிட்டாலும் பதில் இல்லை. மூச்சு முட்டி விழுந்துட்டாரோன்னுதான் கதவை நெம்பினேன். பார்த்தா, வேர்வையில நனைஞ்சு, சட்டைப் பட்டன் கழுத்து வரைக்கும் போட்டபடி நேரா நின்னுக்கிட்டு, முதல்ல வாட்ச்சைப் பார்த்தார். உசுரோட இருக்காரேன்னு வந்த சிரிப்பு அது.

சரி, அதுக்காகப் பேச வேண்டாம். ஆனா அவ போன அன்னிக்கு வந்திருக்கலாம் இல்ல? நீ தனியா வந்து நின்னே. நான் உன் பின்னாடி பார்த்தேன். படியில யாரும் இல்லை. மூணு மாடிதானே.

இடிமலையை எடுக்க மாட்டேன். மன்னிச்சுக்கோ. இருமல் நின்னுச்சான்னு எழுது.

தம்பி


ஜூன் 27

அக்காவுக்கு,

நலமான்னு இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன். ரெண்டு மாசமா ஒரு வரி இல்லை. கடைக்குப் போன் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்து, "மேடம் இருக்காங்க, ஆனா நீங்கன்னா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க"ன்னா. அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கச் சொல்லு, அவ்வளவு நேர்மை.

நான் எழுதினது தப்புன்னா திட்டி எழுது. திட்டாம இருக்கறதுதான் தாங்கலை.

இங்க ஒரு விசித்திரம். நூலகத்து அம்மா சொன்னாங்க: செவ்வாய்க்கிழமை ஆனா ஒரு பெரியவர் வர்றாராம். சரியா பத்தேகால். தலையில குல்லா, கறுப்புக் கண்ணாடி. இடிமலை முன்னாடி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பாராம். பத்து நாப்பதுக்குக் கிளம்பிடுவாராம். அஞ்சு வாரமா இப்படி. போன வாரம், "இதைக் கொஞ்சம் வெளிச்சம் விழற மாதிரி திருப்பி வைக்கலாமா?"ன்னு கேட்டிருக்கார். பார்வையாளர் புத்தகத்துல கையெழுத்து இல்லாம ஒரு வரி: "பெல்ட்டின் கொக்கி இடப்புறம் இருக்க வேண்டும். மற்றபடி குறை இல்லை."

அந்த மணி மணியான கையெழுத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கேன். நீயும் பார்த்திருப்பே.

பதில் போடு அக்கா. காலை நீட்டி உக்காந்து எழுது, அவசரம் இல்லை. அவசரம்தான்.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

இருமல் போய் ஒன்றரை மாசம் ஆச்சு. கவலைப்பட வச்சதுக்கு மன்னிச்சுக்கோ.

மே மாசம் எனக்கு முழங்கால் வீங்கி ரெண்டு நாள் லீவு போட்டேன். அவர் கடைக்கு என் மாத்திரைப் பையை எடுக்கப் போனார். கஞ்சி டப்பாவுக்குப் பின்னாடி உன் கடிதமெல்லாம் இருந்தது. மொத்தத்தையும் எடுத்து வந்துட்டார். தேதிவாரியா அடுக்கி, ஒவ்வொண்ணோட மூலையிலயும் பென்சிலால "படித்தது" போட்டு, நேரமும் குறிச்சு, ரப்பர் பேண்ட் போட்டு என்கிட்ட கொடுத்தார். கடைசிக் கடிதத்துல மட்டும் நேரம் குறிக்கலை.

அன்னியிலிருந்து செவ்வாய்க்கிழமை ஆனா காலையில ஆறு மணி பஸ். கேட்டா, கண் டாக்டராம். நாலு மணி நேரம் பஸ்ல போய்ப் பார்க்கற கண் டாக்டர்! நானும், "சொட்டு மருந்து கொடுத்தாரா?"ன்னு கேட்டு வைக்கறேன்.

நான் ஏன் எழுதலைன்னா, நீ கடைசியா ஒண்ணு கேட்டிருந்தே. அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. நாலு வருஷமா இருக்கு. ஆனா சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். பேனாவை எடுத்தா அதுதான் முதல்ல வருது. அதனால பேனாவையே எடுக்கலை. போன்ல உன் குரலைக் கேட்டா உளறிடுவேன்.

இப்பவும் நிறுத்திக்கறேன். கையைக் கவனமா வச்சு வேலை செய்.

அக்கா


ஜூலை 18

மைத்துனருக்கு,

நலம். நலமறிய ஆவல்.

முதலாவது, கொக்கி. இடிமலை இடதுகைக்காரர். அவருடைய பெல்ட் கொக்கி எப்போதும் இடப்புறம்தான். பதினோரு வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இத்தனை வருடம் என்பதை உன் அக்காவிடம் தெரிவிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சிரிப்பு. நீ சிரித்ததற்கான காரணத்தை 29.4 தேதியிட்ட கடிதத்தில் படித்தேன். ஆறு வருடங்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்திருக்கலாம். லிஃப்ட்டுக்குள் நீ கூப்பிட்டபோது நான் பதில் சொல்லாததற்குக் காரணம், குரல் நடுங்கும் என்று தோன்றியதுதான். அதை நானும் தெரிவிக்கவில்லை.

மூன்றாவது. தங்கச்சி இறந்த அன்று நான் வந்தேன். உன் அக்காவோடு அதிகாலை 3 மணி பஸ்ஸில் வந்து 7.10க்கு இறங்கினேன். உன் அக்கா முன்னால் போனாள். நான் இரண்டாவது மாடி வரை ஏறினேன். நீ அழுவது கேட்டது. நீ சிரித்தபோது கோபப்படத் தெரிந்தது. நீ அழும்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. இறங்கிவிட்டேன்.

உன் தெருவில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வழி தெரியாமல் நின்றார்கள். எனவே பஸ் நிறுத்தத்திலேயே நின்று, "மூன்றாவது கட்டடம், மூன்றாவது மாடி" என்று சொல்லி அனுப்பினேன். மாலை 4.35 வரை முப்பத்தெட்டு பேர். யாரும் வழி தவறவில்லை. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

வரும் செவ்வாய்க்கிழமை 10.15க்கு நூலகத்தில் இருப்பேன். மழை வரும் என்று கடையில் உள்ள அந்தப் பெண் சொல்கிறாள். குடை கொண்டு வரவும்.

அத்தான்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் வீட்டுக்காரரும் நல்லா இருக்கார். ரெண்டு வேஷ்டி, ஒரு துண்டு இன்னும் நாலு நாளைக்குப் போதுமாம், சொல்லச் சொன்னார். பத்து நாளா ஆளை அனுப்பலைன்னு நீ போன்ல கத்தினதுல அந்தப் பக்கம் காது இன்னும் இரையுது. போன்ல சொல்ல முடியாததை எழுதறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஒன்பது மணிக்கே நூலகத்துக்குப் போயிட்டேன். ஆனா உள்ள போகக் கால் வரலை. எதிர்க்கடையில டீ மேல டீ குடிச்சு, கடைசியில பத்து இருபத்தேழுக்குப் போனேன். குல்லாவும் கறுப்புக் கண்ணாடியுமா இடிமலை பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தார். நான் பேசறதுக்கு முன்னாடி,

"பன்னிரண்டு நிமிஷம்"னார்.

"மன்னிச்சுக்குங்க அத்தான்."

"எழுதிக்கலை."

அப்புறம் ரெண்டு பேரும் இடிமலையைப் பார்த்துக்கிட்டு நின்னோம். ஒரு குழந்தை வந்து அவரையும் பார்த்து, அதையும் பார்த்து, "அம்மா, இந்தத் தாத்தா டிரெஸ் போட்டுட்டு வந்திருக்காரு"ன்னு கத்திச்சு. நான் உதட்டைக் கடிச்சேன். அடிச்சுச் சொன்னாலும் நம்ப மாட்டே அக்கா, முதல்ல சிரிச்சது அவர்தான். நின்னா நிக்கலை. கண்ணாடியைக் கழட்டித் துடைக்க வேண்டியதாப் போச்சு. சிரிக்கவே சிரிக்காத நூலகத்து அம்மா வந்து, "சத்தம்"னுட்டுப் போனாங்க.

அன்னிக்கே கண்காட்சி முடிஞ்சு எல்லாரையும் வேன்ல ஏத்தினோம். இடிமலையை அவர்தான் பிடிச்சுக்கிட்டு வந்தார். வீட்டுல வில்லிக்குப் பக்கத்துல சோபால உக்காந்தார். ஒவ்வொண்ணா பார்த்தார். அப்புறம், நீ, உன் பொண்ணு, பேப்பர்க்காரன், இத்தனை பேர்ல ஒருத்தர் கேக்காததை அவர் கேட்டார்.

"இதுல தங்கச்சி எங்கே?"

மூணு தடவை செஞ்சு மூணு தடவையும் முகம் வரலைன்னு சொன்னேன். டி.வி.ல வர்றவங்க முகமெல்லாம் வருது, அவ முகம் மட்டும் வர மாட்டேங்குது. நெருங்கற மாதிரி இருக்கும், கத்தி பட்டதும் வேற யாரோ ஆயிடும். அந்த மூணு கட்டையும் கட்டிலுக்கு அடியில இருக்கு.

அவர் புருவம் ஏறுச்சு. "நீ வேலை விட்டு வர்றப்ப அவ என்ன பண்ணிக்கிட்டு இருப்பா?"

"டி.வி. பார்த்துக்கிட்டு இருப்பா. சீரியல் நேரம்."

"உன்னைத் திரும்பிப் பார்ப்பாளா?"

"எங்கே அத்தான்! திரும்பாமலே கையை மட்டும் இப்படித் தூக்குவா. சாப்பாடு மூடி வச்சிருக்கு, போட்டுக்கோன்னு அர்த்தம்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சது முதுகுதானே? முதுகைச் செய்."

எட்டு நாள் ஆச்சு. நான் செதுக்கினேன், அவர் உப்புத்தாள் போட்டார். அந்த மனுஷன் தேய்ச்சா மரம் கண்ணாடி மாதிரி ஆயிடுதுக்கா. கொண்டை, அதுல குத்தின ஹேர்பின், கொஞ்சம் சரிஞ்ச இடது தோள், தூக்கின கை. எல்லாம் ஒரு தடவைகூடத் தப்பாம வந்தது. முகம் இருக்க வேண்டிய பக்கம் வெறும் மரம்தான். அதை அப்படியே விட்டுட்டோம். டி.வி.க்கு எதிர்ல, அவ எப்பவும் உக்கார்ற இடத்துல வச்சோம்.

நேத்து சாயங்காலம் பெயின்ட் காஞ்சுது. ஏழு மணிக்கு டி.வி.யைப் போட்டேன். ரெண்டு பேரும் சோபால உக்காந்தோம். பார்த்துக்கிட்டே இருந்தேன். அவருக்கு ஏதாவது நன்றி சொல்லணும்னு, "அத்தான்..."னு ஆரம்பிச்சேன்.

அவர் உதட்டு மேல விரலை வச்சார்.

"உஷ். அவ பார்த்துக்கிட்டு இருக்கா இல்ல?"

முழங்காலைப் பார்த்துக்கோ அக்கா.

உன் தம்பி